பியர்பொன்ட்ஸ் நெருப்புக்கு முன்னால் எடுத்த படம்

இஞ்சேருங்கோ,

உங்களை ஒருநாளும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்கள் இல்லை என்பதற்காக அந்தப் பழக்கத்தை மாற்ற எனக்கு மனமில்லை. இப்படிக் கூப்பிட்டால் குசினிக்குள் இருந்து “என்னப்பா” என்று குரல் வரும். அந்த நினைப்பிலேயே எழுதுகிறேன்.

நீங்கள் போய் வருஷம் ஒன்றாகிறது. இங்கே மொன்றியலில் தமிழ்ப் பத்திரிகையில் நினைவஞ்சலி போடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். மேலே ஒரு படம், கீழே நாலு வரிக் கவிதை, அதற்கும் கீழே துயருறுவோர் பெயர்கள். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகக் குலமண்ணை சொன்னார். உங்கள் பெரியப்பா மகன் என்ற உரிமை. படத்தையும் அவரே தெரிவுசெய்து வைத்திருந்தார். எந்தப் படம் என்று கேட்கிறீர்களா? நகருக்கு வெளியே பியர்பொன்ட்ஸில் இருக்கிற அவருடைய வீட்டு ஃபயர்பிளேஸுக்கு முன்னால், மேல்தட்டில் முழங்கையை ஊன்றி, கோட் போட்டுக்கொண்டு நிற்கிறீர்களே, அதுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்திரிகைக்காரரிடம் நானே போய் அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கவிதைக்குப் பதிலாக இந்தக் கடிதம் வரும். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று தெரியும். ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், போதும்.

படிக்கிறவர்களில் பலருக்கு அந்த ஃபயர்பிளேஸைத் தெரிந்திருக்கும். செங்கல் சுவர், அதைச் சுற்றிப் பூவேலை செய்த மரச்சட்டம், மேல்தட்டில் ஒரு பித்தளை மணிக்கூடு, இரண்டு பக்கமும் பீங்கான் நாய்கள். நகருக்குள்ளே கோட்-டெ-நெய்ஜில் ஒரு அறைக்குள் நாலைந்து பேராகப் படுத்து எழும்பிய பெடியன்கள் எல்லோருக்கும் கலியாணம் பேசுகிற காலம் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அங்கே போவார்கள். நெருப்பை மூட்டிவிட்டு, அதற்கு முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். கோட்டும் அங்கேயே இருக்கும். நாவல் நிறத்தில் ஒரே ஒரு கோட். மெலிந்தவர்களுக்குப் பின்பக்கத்தில் உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பைக் குத்திவிடுவார்கள். கடைசியாகப் போட்டவர் அதை லோண்டரிக்குக் கொடுத்துக் கழுவித் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அதுதான் சட்டம்.

அந்த நெருப்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். வீடு சூடாவதற்கு அது தேவையில்லை, சுவரோரம் முழுக்க ஹீட்டர் இருக்கிறது. அந்த நெருப்பின் சூட்டில் பாதி புகைக்கூண்டால் மேலே போய்விடும். ஆனாலும் இங்கே வீடு வாங்கப் போகிறவர் எவரும் முதலில் கேட்பது “ஃபயர்பிளேஸ் இருக்கோ” என்றுதான். அடுப்படியில் கண் எரிய எரிய ஊதி வளர்ந்தவர்கள் நாங்கள். அதே நெருப்பை விருந்தாளிகள் இருக்கிற அறையில் கொண்டுவந்து வைத்தவுடன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறோம். ஒரு பானை சோறும் வேகாத அடுப்பு என்பதால்தானோ இவ்வளவு மரியாதை?

உங்கள் படம் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அப்பா அதை அயலுக்கெல்லாம் காட்டினார். “வீட்டுக்குள்ளையே நெருப்பு எரிக்கினம், பாத்தியளோ” என்றார். நான் பார்த்தது வேறு. அந்தப் பெரிய கோட்டுக்குள் உங்கள் கழுத்து தனியாக நின்றது. இந்தக் கோட் இந்த மனுசனுடையது அல்ல என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். பசித்த முகம். ஆனால் சிரிப்பு உங்களுடையதுதான். அதற்குத்தான் நான் கலியாணத்துக்கு ஓம் என்று சொன்னேன்.

நான் இங்கே வந்து இறங்கிய அன்று விமான நிலையத்திலிருந்து என்னை நேரே பியர்பொன்ட்ஸுக்குத்தான் கொண்டுபோனீர்கள். நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. கையை நீட்டிச் சூடு பார்த்தேன். நீங்கள் என் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். குலமண்ணையின் மனைவி பவானி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, “சாப்பிட்டிட்டு வெளிக்கிடுங்கோ, பஸ் குறைஞ்சிடும். உங்கடை இடத்துக்குத் தூரம்” என்றா. அது உங்கள் வீடு இல்லை என்று அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. புதுப் பொம்பிளையிடம் உண்மையைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்கு முன்னால் நான் குறுகிப்போய் இருந்தேன்.

கோட்-டெ-நெய்ஜ் அறைக்கு வந்ததும் என்ன செய்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? யன்னலுக்குக் கீழே இருந்த இரும்பு ஹீட்டரில் அந்தப் படத்தில் போலவே முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்று, “இஞ்சேரும், இதுவும் சூடுதான்” என்றீர்கள். கை சுட்டுத் துள்ளினீர்கள். அழ இருந்த நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாதோ என்று இப்போதும் சிலவேளை நினைப்பேன்.

பேந்து ஒருநாள், ஒரு பிறந்தநாள் வீட்டில் பெண்கள் எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் துணைக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. “எங்கடை அவரும் அந்த மணிக்கூட்டோடைதான் வந்தவர்” என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் “எனக்கு நாய்க்குட்டியும் வந்தது” என்றாள். அந்த மணிக்கூடு ஓடாதது. எல்லாப் படத்திலும் ஒரே நேரம் காட்டிக்கொண்டு நிற்கிறது. அன்று வயிறு நோகச் சிரித்தோம். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால், படம் எடுத்த மற்றவர்கள் எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுத் தங்கள் பாட்டைப் பார்க்கப் போனார்கள். நீங்கள் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு இலையுதிர் காலமும் குலமண்ணை வீட்டு வாசலில் லொறி விறகைக் கொட்டும். பிளந்து பின்கொட்டிலில் அடுக்க ஆரம்பத்தில் ஒரு பட்டாளமே போகும். வருஷம் போகப்போக அது கரைந்து, கடைசியில் நீங்கள் ஒருவர். ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி ஊறிப்போன கையோடு, கிடைத்த ஒரு லீவு நாளில், அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போய் விறகு பிளந்தீர்கள். சாம்பல் அள்ளியதும் நீங்கள்தான்.

“ஏன் போறியள்” என்று நான் கேட்காத நாள் இல்லை. “அவர் அண்டைக்குப் படம் எடுக்க விடாட்டி நீர் இஞ்சை வந்திருப்பீரோ” என்பீர்கள். அவரும் அதைச் சொல்லிக் காட்டத் தவறமாட்டார். என் முன்னால், பிள்ளையின் முன்னால், “டேய், என்ரை ஃபயர்பிளேஸ் இல்லாட்டி உனக்கு ஆர் பொம்பிளை தந்திருப்பினம்” என்று பகிடி விடுவார். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். எனக்கு அந்த இடத்திலேயே எழும்பிப் போகவேண்டும் போல இருக்கும்.

“நான் நெருப்பைப் பாத்து வரேல்லை, உங்கடை கழுத்தைப் பாத்துத்தான் வந்தனான்” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

“நீர் கழுத்தைப் பாத்தனீர். உம்மடை அப்பா மணிக்கூட்டை எல்லோ பாத்தவர்” என்பீர்கள். அதோடு கதை முடிந்துவிடும்.

உங்களுக்கும் அந்த ஆசை இருந்தது. இல்லை என்று சொல்லாதீர்கள். எங்கள் பிள்ளை அபி முதலாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தால் அழுதுகொண்டு வந்தாள். கிறிஸ்மஸுக்கு வருகிற நத்தார் தாத்தா புகைக்கூண்டால்தான் இறங்குவாராம், எங்கள் வீட்டில் ‘ஷெமினே’, அதுதான் ஃபயர்பிளேஸ், இல்லையாம். அவள் அழுததைவிட நீங்கள் முகம் கறுத்து இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த யூலை முதலாம் திகதி, மொன்றியல் முழுக்க வீடு மாறுகிற அந்த நாளில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் நடந்துபோகும்போது ஒரு பழைய வீட்டுக்கு முன்னால், உடைந்த கதிரைகளுக்கும் மெத்தைக்கும் நடுவில் அதைக் கண்டீர்கள். ஃபயர்பிளேஸைச் சுற்றி வைக்கிற மரச்சட்டம். மேல்தட்டோடு, இரண்டு தூணோடு, முழுசாக.

“குப்பையப்பா அது” என்றேன்.

“இதோ குப்பை? இந்த வேலைப்பாட்டைப் பாரும்” என்றீர்கள்.

பஸ் சாரதி “நோ, நோ, மெசியு” என்று கதவைச் சாத்திவிட்டான். அந்த வெயிலில் கோட்-டெ-நெய்ஜ் வரைக்கும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். அபி எங்கள் சின்னக் கமெராவால் ஒரு படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து சுவரில் அறைந்து, நடுவில் வெறுஞ்சுவருக்குக் கறுப்பு மை பூசினீர்கள், உள்ளே ஆழம் இருக்கிற மாதிரித் தெரியட்டும் என்று. நெருப்பும் இல்லை, புகைக்கூண்டும் இல்லை. ஆனால் அந்த நத்தாருக்கு அபி அதற்கு முன்னாலேயே பாய் போட்டுப் படுத்தாள். நான் முதலில் திட்டினேன். பேந்து மேல்தட்டில் பிள்ளையாரையும் முருகனையும் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் வீட்டில் அதைவிட நல்ல இடம் வேறு இருக்கவில்லை.

அவ்வளவும் கிடைத்த பிறகும் நீங்கள் பியர்பொன்ட்ஸுக்குப் போவதை நிறுத்தவில்லை.

போன தை மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை, குலமண்ணை வீட்டில் விருந்து. டெலிபோன் அடித்தார். விருந்தாளிகள் வந்துகொண்டிருக்கிறார்களாம், உள்ளே விறகு முடிந்துவிட்டதாம், தனக்கு நாரிப்பிடிப்பாம், குனிய ஏலாதாம். நீங்கள் வேலையால் வந்து சப்பாத்தும் கழற்றவில்லை, அப்படியே திரும்பிப் போனீர்கள். பின்னேரம் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். மாரடைப்பு என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உங்களை எரிக்கிற இடத்தில் உங்கள் தம்பி தயாவிடம் ஒரு பொத்தானை அமத்தச் சொன்னார்கள். கதவு சாத்திக்கொண்டது. கடைசியில் உங்களுக்கென்று ஒரு நெருப்புக் கிடைத்தது, அதையும் எங்கள் கண்ணில் காட்டவில்லை.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அன்று குலமண்ணை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். “குடுத்து வைச்சவன். நெருப்புக்கு முன்னாலை கதிரையிலை இருந்து, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, அப்பிடியே போயிட்டான்.” எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நல்ல சாவு என்று ஒருவர் எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் என் கையில் ஒரு பிளாஸ்டிக் பை தந்தார்கள். அதற்குள் உங்கள் பனிச்சப்பாத்து ஈரமாக இருந்தது. ஒரு கையுறை இருந்தது. ஸ்வெட்டரின் நெஞ்சுப் பக்கம் முழுக்க மரப்பட்டைத் துகள். பவானி அக்காவின் அந்த வெள்ளைக் கார்பெட்டில் இதுவரைக்கும் ஒரு ஆள் சப்பாத்தோடு கால் வைத்ததுண்டா? வாசலிலேயே கழற்றச் சொல்லி நிற்கிறவ அல்லவா அவ? சப்பாத்தும் கையுறையும் போட்டுக்கொண்டு, நெஞ்சோடு விறகைக் கட்டிப் பிடித்துக்கொண்டா ஒரு மனுசன் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்?

அன்று குசினியில் நான் பவானி அக்காவிடம் கேட்டேன். “அக்கா, இவர் சப்பாத்தோடையோ உங்கடை கார்பெட்டிலை இருந்தவர்?”

அவ என்னைப் பார்க்கவில்லை. “சோறு அடிப்பிடிக்குது” என்றுவிட்டு அகப்பையை எடுத்தா. அடுப்பு அதற்கு முதலே நூர்ந்து அணைந்திருந்தது.

கொட்டிலுக்கும் பின்கதவுக்கும் நடுவில், பனிக்குள் விழுந்து கிடந்திருக்கிறீர்கள். எவ்வளவு நேரம்? யார் முதலில் கண்டது? உள்ளே விறகு வரக் காணவில்லை என்று தேடினார்களா, உங்களைக் காணவில்லை என்று தேடினார்களா? இதற்கு எனக்கு யாரும் பதில் சொல்லப்போவதில்லை.

இனி இப்போதைய கதை. எங்களோடு இருக்கிற தயாவுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். மாமி கொழும்பிலிருந்து பார்த்த இடம். பெண்ணின் பெயர் வதனி. யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்குப் பயந்து ஊரோடு எழும்பி வந்த சனம், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருக்கிறார்கள். போன கிழமை தயா வேலையால் வந்து ஒரு படத்தைக் காட்டினான். அதே செங்கல், அதே நாய்கள், அதே ஓடாத மணிக்கூடு. நீங்கள் முழங்கை ஊன்றிய அதே இடத்தில் உங்கள் தம்பியின் முழங்கை. கழுவக் கொண்டுவந்த கோட் கதவில் தொங்கியது.

“எல்லாரும் செய்யிறதுதானே அண்ணி. அண்ணையும் செய்தவர். நீங்கள் சந்தோசமாய்த்தானே இருந்தனியள்?”

“இருந்தனான். அதுக்கெண்டு அவர் கடைசி வரைக்கும் விறகு சுமந்தவர். அதுதான் எனக்கு ஆத்திரம்” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

“குலமண்ணை வாற சனிக்கிழமை வரச் சொன்னவர். இந்த முறை குளிர் கூட எண்டு இன்னொரு லொறி விறகு எடுக்கிறாராம்” என்று மெதுவாகச் சொன்னான்.

அந்தப் படத்தை அவன் கையிலிருந்து வாங்கி என் தையல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். இதை அனுப்ப விடமாட்டேன், அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். “உண்மையைச் சொன்னா ஆர் அண்ணி எனக்குப் பொம்பிளை தருவினம்” என்று கேட்டுவிட்டு, கட்டிலில் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாப்பிடவும் வரவில்லை. அவனுடைய வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போடுகிறேனோ என்று எனக்கும் பயம்தான். ஆனாலும் டெலிபோன் கார்ட் ஒன்று வாங்கி வெள்ளவத்தைக்கு எடுத்தேன்.

வதனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு அவனுடையது இல்லை, கோட் அவனுடையது இல்லை, படுப்பது எங்கள் வரவேற்பறையில் என்று.

“அக்கா, குறை நினையாதேங்கோ. அந்த ஃபயர்பிளேஸை எனக்கு முதலே தெரியும்” என்றாள்.

“எப்பிடி?”

“பக்கத்து அறைப் பிள்ளைக்கு வந்த படத்திலையும் அதுதான். கீழ் வீட்டு அக்காவின்ரை மாப்பிளையும் அதிலைதான் கையூண்டி நிக்கிறார். இவரும் அங்கைதான் நிப்பார் எண்டு நாங்கள் எல்லாரும் சொல்லிச் சிரிச்சனாங்கள்.”

“அம்மா அப்பாக்கும் தெரியுமோ?”

“தெரியாமல் என்ன. நெருப்பைப் பாத்து ஆரக்கா பிள்ளையைக் குடுக்கினம்? ஊரிலை செல்லடிக்கும் இஞ்சை ஆமிக்கும் பயந்துதான் குடுக்கினம்.” பிறகு சொன்னாள். “அவரைத் தன்ரை இடத்திலை நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. அறையெண்டாலும் பரவாயில்லை.”

டெலிபோனை வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். இஞ்சேருங்கோ, அப்பாவும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. அயலுக்குக் காட்ட அவருக்கு ஒரு சாட்டுத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். நான் வந்த காலத்திலும் எங்கள் தலைக்கு மேலே ஹெலிகொப்டர் சுற்றியது. கனடா என்று ஒரு சொல் வந்தால் போதும், நீங்கள் ஹீட்டருக்கு முன்னால் நின்றிருந்தாலும் என்னை அனுப்பியிருப்பார். அந்த நெருப்பு உங்களுக்கு ஒன்றையும் வாங்கித் தரவில்லை. ஒன்றுமில்லாத ஒன்றுக்காக வருஷம் வருஷமாக விறகு சுமந்து, நெஞ்சு வெடித்து, இன்னொருவர் வீட்டுப் பின்வளவில் விழுந்தீர்கள். யாரை நோவது? அவரையா, உங்களையா?

அன்றைக்கே தயாவை எங்கள் மரச்சட்டத்துக்கு முன்னால் நிற்க வைத்து, அவனுடைய சொந்த ஸ்வெட்டரோடு நானே படம் எடுத்தேன். பிள்ளையாரும் கறுப்பு மை பூசிய சுவரும் பக்கத்து ஹீட்டரும் அதில் விழுந்திருக்கின்றன. படம் தபாலில் போய்விட்டது. என்ன பதில் வருமோ தெரியாது. அவனே குலமண்ணைக்கு டெலிபோன் எடுத்து, சனிக்கிழமை வரவில்லை என்றான். “அப்ப விறகை ஆர் அடுக்கிறது” என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. நான் றிசீவரை வாங்கி, “நெருப்புத் தேவையான ஆக்கள் அடுக்கட்டும்” என்று சொல்லி வைத்தேன்.

குலமண்ணை, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். கோட்டைத் தேடவேண்டாம். எங்கள் கட்டிடத்துக்கு முன்னால் அபி செய்த பனிமனிதன் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அவனுக்குக் கிளிப் தேவைப்படவில்லை.

இஞ்சேருங்கோ, இந்தக் கடிதத்தோடு வருகிற படம் அபி எடுத்தது. கால் இரண்டும் வெட்டுப்பட்டிருக்கும். தோளில் மரச்சட்டம், முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு காது வரைக்கும். சனம் உங்களை இனி இப்படியே நினைக்கட்டும்.

ஒரு வாக்குத் தருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து இனி எவரும் இன்னொருவரின் நெருப்புக்கு விறகு சுமக்கப் போகமாட்டார்கள். உங்கள் நாள் வரும்போதெல்லாம், நீங்கள் கறுப்புப் பூசிய அந்த இடத்துக்குள் ஒரு குத்துவிளக்கு எரியும். அது எங்களுடையது. உங்கள் சப்பாத்தைத் துடைத்துக் கதவடியில் வைத்திருக்கிறேன். இங்கே வெள்ளைக் கார்பெட் இல்லை. வெளியே குளிருக்குள் நின்று கழற்றிக்கொண்டிராமல், சப்பாத்தோடேயே உள்ளே வாருங்கோ.

நீங்கள் ‘இஞ்சேரும்’ என்று கூப்பிட்ட உங்கள் மனைவி,
அபியின் அம்மா,
சரோ